கிருமி இல்லாத சீழ்

மாணவர்களே, உங்கள் வீட்டில் யாருக்காவது முழங்கால் மூட்டு மாற்று அறுவைச் சிகிச்சை நடந்திருக்கிறதா? கோலா சிலாங்கூர் வட்டாரத்தில் ஒரு வகுப்பில் இந்தக் கேள்வியைக் கேட்டால் இரண்டு மூன்று கைகளாவது உயரும். விடியற்காலையில் பால்மரம் வெட்டி, உதிர்ந்த செம்பனைப் பழங்களைக் குனிந்து குனிந்து பொறுக்கி, நிரை நிரையாக நடந்த தலைமுறை அது. ஈஜோக், புக்கிட் ரோத்தான், பெஸ்தாரி ஜெயா என்று எங்கே பார்த்தாலும் பழைய தோட்டங்கள் பல வீடமைப்புப் பகுதிகளாகிவிட்டன. நம் பாட்டிகளின் முழங்கால்கள் மட்டும் அந்தப் பழைய வேலையை இன்னும் மறக்கவில்லை.

தேய்ந்த மூட்டுப் பரப்பை எடுத்துவிட்டு உலோகமும் பிளாஸ்டிக்கும் சேர்ந்த செயற்கை மூட்டைப் பொருத்துவதுதான் இந்தச் சிகிச்சை. பெரும்பாலோருக்கு வலி குறைந்து நடை திரும்பிவிடுகிறது. மிக மிக அரிதாக ஒருவருக்கு மட்டும், அறுத்துத் தைத்த இடத்தில் ஒரு விசித்திரமான புண் வருகிறது. அந்தப் புண்ணைப் பற்றித்தான் இந்த வாரம் பார்க்கப் போகிறோம். சீழ் என்றால் கிருமி என்று நாம் மனத்தில் பதித்து வைத்திருக்கும் பாடத்தை அது தலைகீழாகப் புரட்டிப் போடுகிறது.

இப்படி வைத்துக்கொள்வோம். 68 வயதுப் பாட்டி ஒருவருக்கு வலது முழங்காலில் அறுவைச் சிகிச்சை நடக்கிறது. முதல் வாரம் எல்லாம் நன்றாகப் போகிறது. எட்டாவது நாள் தையல் ஓரத்தில் ஒரு சிறு கொப்புளம். மறுநாள் அது உடைந்து புண்ணாகிறது. இரண்டே நாளில் வெள்ளிக் காசு அளவுக்கு இருந்தது உள்ளங்கை அளவுக்குப் பரவுகிறது. புண்ணின் விளிம்பு கருநீலமாக, அடியில் குடைந்தது போல் இருக்கிறது. சீழ் வடிகிறது. காய்ச்சலும் அடிக்கிறது. வலியோ, புண்ணின் அளவைப் பார்த்தால் இவ்வளவு வலிக்குமா என்று கேட்கத் தோன்றும் அளவுக்கு.

நீங்கள் மருத்துவராக இருந்தால் என்ன நினைப்பீர்கள்? கிருமித் தொற்று என்றுதான் நினைப்பீர்கள். அப்படி நினைப்பதுதான் சரியும் கூட. இரத்தச் சோதனையும் அதையே சொல்லும்: வெள்ளை அணுக்கள் கூடியிருக்கும், அழற்சியைக் காட்டும் அளவுகள் எல்லாம் ஏறியிருக்கும். உடனே ஆண்டிபயாட்டிக் மருந்து தருவார்கள். அடங்காவிட்டால் மீண்டும் அறுவைக் கூடத்திற்குக் கொண்டுபோய், கெட்டுப்போன சதையை வெட்டி எடுத்துக் கழுவிச் சுத்தம் செய்வார்கள்.

அடுத்த நாள் பார்த்தால் புண் இன்னும் பெரிதாகியிருக்கும். வெட்டிய விளிம்பிலிருந்தே புதிய புண் கிளம்பியிருக்கும்.

ஏன் முதலில் கிருமியைச் சந்தேகிக்கிறார்கள்?

மருத்துவர்களைக் குறை சொல்வதற்கு முன் செயற்கை மூட்டின் வரலாற்றைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். இங்கிலாந்தில் ரைட்டிங்டன் என்ற மருத்துவமனையில் பணியாற்றிய ஜான் சார்ன்லி, 1962ஆம் ஆண்டு உலோகப் பந்தும் பாலிஎதிலீன் கிண்ணமும் கொண்ட இடுப்பு மூட்டைப் பொருத்தினார். இன்றைய மூட்டு மாற்றுச் சிகிச்சைக்கு அதுதான் அடித்தளம். அதற்கு முன் அவர் பயன்படுத்தியது டெஃப்லான், நம் சமையலறையில் ஒட்டாத தவாவில் பூசியிருக்கிறதே, அதேதான். அது சீக்கிரமே தேய்ந்து துகள்களாகி நோயாளிகளின் உடலில் அழற்சியை உண்டாக்கியது. காரணத்தைச் சோதித்துப் பார்க்க அந்தப் பொருளைத் தம்முடைய தொடையிலேயே செலுத்திக்கொண்டார் சார்ன்லி. இன்றைக்கு எந்த ஒழுங்குக் குழுவும் இதற்கு அனுமதி தராது.

சார்ன்லியை அதிகம் தூங்கவிடாத பகை கிருமித் தொற்று. ஆரம்பத்தில் அவருடைய நோயாளிகளில் 100க்கு 7 பேர் அளவில் தொற்று ஏற்பட்டது. அறுவைக் கூடத்தின் காற்றையே வடிகட்டும் அமைப்பை உருவாக்கினார், உடம்பு முழுவதும் மூடும் உடையை அணிந்தார், கையுறைகளை மாற்றினார். பல ஆண்டு உழைப்புக்குப் பிறகு அந்த எண்ணிக்கை 100க்கு 1க்கும் கீழே இறங்கியது.

ஏன் இவ்வளவு அச்சம்? உலோகத்திற்கு இரத்த ஓட்டம் கிடையாது. பாக்டீரியா அதன் மேல் ஒட்டிக்கொண்டு பயோஃபிலிம் என்ற வழுவழுப்பான படலத்தைக் கட்டிவிட்டால், வெள்ளை அணுக்களும் ஆண்டிபயாட்டிக்கும் உள்ளே நுழையத் திணறும். (நீண்ட நாள் கழுவாத தண்ணீர்த் தொட்டியின் உட்புறத்தைத் தடவிப் பாருங்கள். கையில் வழுக்குவது ஒரு வகைப் பயோஃபிலிம்தான்.) தொற்று மூட்டுக்குள் இறங்கினால் பொருத்திய மூட்டையே கழற்ற வேண்டி வரலாம். ஆகவே மூட்டு மாற்றிய இடத்தில் சீழ் கண்டால் விரைந்து திறந்து கழுவு என்பதுதான் அறுவைச் சிகிச்சை நிபுணர்கள் படித்த பாடம். நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது தடவை அந்தப் பாடம் காலைக் காப்பாற்றும் என்றே சொல்லலாம். நாம் பேசுவது மிச்சமிருக்கும் அந்த ஒரு தடவையைப் பற்றி.

முள் குத்திய நட்சத்திர மீன்

சீழ் என்பது என்ன? பெரும்பகுதி, இறந்துபோன வெள்ளை அணுக்கள். அதிலும் குறிப்பாக நியூட்ரோபில் என்ற வகை. படிவம் நான்கில் உயிரியல் எடுத்தவர்களுக்கு இது பழக்கமான பெயர். நம் வெள்ளை அணுக்களில் பாதிக்கும் மேல் நியூட்ரோபில்களே. ஒரு பெரியவரின் எலும்பு மஜ்ஜை நாளொன்றுக்குச் சுமார் 10,000 கோடி நியூட்ரோபில்களை உற்பத்தி செய்கிறது. அவை கிருமியை விழுங்கும், நொதிகளைக் கொட்டிக் கரைக்கும், தேவைப்பட்டால் தம் மரபணு இழைகளையே வெளியே வீசி வலை விரிக்கும். வலை வீசும் இந்தச் செய்தி 2004ஆம் ஆண்டில்தான் உலகுக்குத் தெரிந்தது.

வெள்ளை அணுக்கள் காயத்தை நோக்கி ஓடிவருவதை எப்படிக் கண்டுபிடித்தார்கள் என்பது சுவையான கதை. 1882ஆம் ஆண்டு, இத்தாலியின் சிசிலித் தீவில் மெசீனா என்ற ஊர். வீட்டில் எல்லாரும் சர்க்கஸ் பார்க்கப் போய்விட்டார்கள். எலி மெச்னிகாஃப் என்ற ரஷ்ய அறிவியலாளர் மட்டும் தம் நுண்ணோக்கியோடு வீட்டில் இருந்தார். நட்சத்திர மீனின் குஞ்சு கண்ணாடி போல ஊடுருவித் தெரியும். தோட்டத்து ரோஜாச் செடியிலிருந்து முள்ளை எடுத்து அதன் உடலில் குத்தி வைத்தார். மறுநாள் காலையில் பார்த்தபோது முள்ளைச் சுற்றி அசையும் உயிரணுக்கள் மொய்த்துக் கிடந்தன. இந்த வழியில் தொடங்கிய ஆராய்ச்சிக்காக 1908ஆம் ஆண்டு பால் எர்லிக்குடன் சேர்ந்து அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

செம்பனை முள் குத்திய அனுபவம் உங்களில் பலருக்கு இருக்கும். குத்திய இடம் சிவந்து, வீங்கி, தொட்டாலே வலிக்கும். முள்ளோடு கிருமியும் உள்ளே போயிருக்கலாம். ஆனால் மெச்னிகாஃபின் சோதனையை இன்னொரு முறை யோசித்துப் பாருங்கள். உயிரணுக்களுக்கு அழைப்பு விடுத்தது எது? கிருமியா, காயமா? இரண்டுமே அழைக்கும் என்பது இன்று நமக்குத் தெரியும். உயிரணு உடைந்தால் அதன் உள்ளே இருக்கும் பொருள்கள் வெளியே சிந்தி, "இங்கே சேதம்" என்று அறிவிக்கின்றன. கிருமியே இல்லாத காயத்திற்கும் நியூட்ரோபில்கள் வரும். வந்து, சுத்தம் செய்து, ஓரிரு நாளில் அடங்கிவிடும். அடங்குவதுதான் முக்கியம்.

நம் பாட்டியின் உடலில் அந்த அடங்கல் நடக்கவில்லை. ரம்புத்தான் மரத்தில் சிவப்பெறும்புக் கூட்டைக் கிளையோடு அசைத்துப் பார்த்திருக்கிறீர்களா? நீங்கள் கூட்டைக் கலைக்க வந்தீர்களா, பழம் பறிக்க வந்தீர்களா என்றெல்லாம் எறும்பு விசாரிக்காது. கிளை அசைந்தது, அது போதும். இந்த நோயில் நியூட்ரோபில்கள் அப்படித்தான். கத்தி பட்டது, தோல் அறுபட்டது, உடனே படையாக வந்து குவிகின்றன. எதிரியே இல்லாத இடத்தில் நொதிகளைக் கொட்டுகின்றன. கரைவது நம்முடைய தோல்தான். அந்தச் சேதம் மீண்டும் ஓர் அழைப்பாகிறது. இப்போது மருத்துவர் புண்ணை வெட்டிச் சுத்தம் செய்தால் என்ன ஆகும்? கிளையை இன்னொரு முறை உலுக்கியது போல் ஆகும்.

சிறு காயத்துக்குப் பெரும் புண்ணாக உடல் எதிர்வினை காட்டும் இந்தக் குணத்திற்குப் 'பெதர்ஜி' என்று பெயர். இதைச் சோதிக்கவும் வழி உண்டு. கிருமி நீக்கிய ஊசியால் முன்கையில் லேசாகக் குத்திவிட்டு 24 முதல் 48 மணி நேரம் கழித்துப் பார்ப்பார்கள். குத்திய இடத்தில் சீழ்க்கொப்புளம் வந்தால் பெதர்ஜி இருக்கிறது என்று பொருள். துருக்கி மருத்துவர் ஹுலுசி பெஹ்செட் 1937ஆம் ஆண்டு விவரித்த, அவர் பெயராலேயே அழைக்கப்படும் நோயைக் கண்டறிய இந்தச் சோதனை இன்றும் உதவுகிறது. மெச்னிகாஃபின் ரோஜா முள் ஊசியாக மாறி வந்திருக்கிறது, அவ்வளவுதான்.

தவறான பெயர்

நம் பாட்டியின் நோய்க்கு மருத்துவர்கள் வைத்திருக்கும் பெயர் 'பயோடெர்மா கேங்கிரினோசம்'. முதல் சொல்லுக்குச் சீழ்த்தோல் என்று பொருள். இரண்டாவது அழுகலைக் குறிக்கும். இரண்டுமே பொருந்தாத பெயர்கள். இது தொற்றுச் சீழும் இல்லை, இரத்த ஓட்டம் நின்று அழுகும் கேங்கிரினும் இல்லை.

பெயர் ஏன் தவறிப்போனது? 1924ஆம் ஆண்டு, அமெரிக்காவின் பால்டிமோரில் தாமஸ் கல்லன் என்ற மருத்துவர், வயிற்றில் சீழ்க்கட்டியை வடித்தெடுத்த இடத்தில் நிற்காமல் பரவிய ஒரு புண்ணைப் பற்றி எழுதினார். 1930ஆம் ஆண்டு மாயோ கிளினிக்கைச் சேர்ந்த பிரன்ஸ்டிங், கெக்கர்மன், ஓ'லியரி ஆகிய மூவரும் 5 நோயாளிகளை விவரித்து இந்தப் பெயரைச் சூட்டினார்கள். கிருமிதான் காரணம் என்று அவர்களும் நம்பினார்கள். ஆனாலும் ஒரு நல்ல குறிப்பைப் பதிவு செய்து வைத்தார்கள்: அந்த 5 பேரில் 4 பேருக்குப் பெருங்குடல் புண் நோய் இருந்தது. தோலில் வந்த புண்ணுக்கும் குடலுக்கும் என்ன சம்பந்தம் என்ற கேள்விதான் பின்னால் வந்தவர்களைச் சரியான பாதைக்கு இட்டுச் சென்றது. இன்று நமக்குத் தெரிந்த வரையில், இந்த நோய் வருபவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு உடலில் வேறோர் அழற்சி நோயோ இரத்த நோயோ இருக்கிறது. குடல் அழற்சி ஒன்று. முடக்குவாதம் இன்னொன்று.

முடக்குவாதம் என்ற சொல்லைக் கவனித்தீர்களா? மூட்டுகளை அரித்து, மூட்டு மாற்றுச் சிகிச்சை வரை கொண்டுபோய் விடும் நோய் அது. அப்படியானால் புது மூட்டு தேவைப்படுபவர்களிலேயே ஒரு சிலர் இந்தத் தோல் நோய்க்கான வாய்ப்பையும் சுமந்துகொண்டு அறுவைக் கூடத்திற்குள் நுழைகிறார்கள்.

அதே 1930ஆம் ஆண்டில்தான் நம் பக்கத்து ஊரான சுங்கை பூலோவில் தொழுநோயாளர் குடியேற்றம் திறக்கப்பட்டது. தோலில் ஆறாத புண் என்றாலே ஒதுக்கி வைக்கும் பழக்கம் எவ்வளவு ஆழமாக இருந்தது என்பதற்கு அந்த இடமே சாட்சி. தொழுநோய்க்குக் காரணம் ஒரு பாக்டீரியா. அதற்கு மருந்து வந்து வெகுகாலமாகிவிட்டது. நாம் பேசும் இந்தப் புண்ணிலோ பரவுவதற்குக் கிருமியே கிடையாது. இது ஒட்டுவாரொட்டி நோயல்ல. பாட்டியின் பக்கத்தில் உட்காரலாம், அவர் தட்டில் சாப்பிடலாம், கட்டிப்பிடிக்கவும் செய்யலாம். காலில் மட்டும் இடித்துவிடாதீர்கள்.

எவ்வளவு அரிது? 10 லட்சம் பேரில் ஆண்டுக்கு 3 முதல் 10 பேருக்கு இந்நோய் புதிதாக வருவதாக வெளிநாட்டு ஆய்வுகள் மதிப்பிடுகின்றன. மலேசியாவின் மக்கள்தொகை சுமார் 3 கோடியே 40 லட்சம். பெருக்கிப் பாருங்கள்: ஆண்டுக்கு 100 முதல் 340 பேர். இது வெறும் கணக்குதான், நாடு முழுவதும் எடுத்த கணக்கெடுப்பு அல்ல. இவர்களிலும் அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு வருபவர்கள் ஒரு சிறு பகுதி. மூட்டு மாற்றிய பின் வருபவர்கள் அதிலும் சிறு பகுதி. தம் பணிக்காலம் முழுவதும் இப்படி ஒரு நோயாளியைக்கூடப் பார்க்காத எலும்பு மருத்துவர்கள் பலர் இருப்பார்கள். அதனால்தான் கண்டுபிடிப்பதும் தாமதமாகிறது. தொற்று என்று எண்ணித் திரும்பத் திரும்ப வெட்டி, கடைசியில் காலையே எடுக்க வேண்டி வந்த நிகழ்வுகளும் மருத்துவ ஏடுகளில் பதிவாகியிருக்கின்றன.

இரண்டு பக்கமும் பள்ளம்

சரி, ஆண்டிபயாட்டிக் வேலை செய்யவில்லை, வெட்டினால் கூடுகிறது. ஆகவே இது பயோடெர்மாதான் என்று முடிவு கட்டிவிடலாமா? கூடாது. இங்கேதான் இந்த நோயின் உண்மையான சிக்கல் இருக்கிறது.

பயோடெர்மாவுக்கு மருந்து ஸ்டிராய்டு. அது நோய் எதிர்ப்பு ஆற்றலை அடக்கும். புண் உண்மையிலேயே கிருமித் தொற்றாக இருந்து ஸ்டிராய்டு கொடுத்தால், காவலாளிகளைத் தூங்க வைத்துவிட்டுத் திருடனுக்குக் கதவைத் திறந்துவிட்டது போலாகும். பக்கத்திலேயே உலோக மூட்டு வேறு இருக்கிறது. 2002ஆம் ஆண்டு அதே மாயோ கிளினிக் மருத்துவர்கள் வெளியிட்ட ஓர் ஆய்வு, பயோடெர்மா என்று முடிவு செய்யப்பட்ட நோயாளிகளில் சுமார் 10 விழுக்காட்டினருக்கு உண்மையில் வேறு நோய் இருந்ததைக் காட்டியது. இரத்தக் குழாய் நோய், புற்றுநோய், தொற்று என்று பலவும் அதே முகமூடியை அணிந்து வந்திருந்தன. என் பார்வையில், இந்நோயை முதலில் விவரித்த அதே மருத்துவமனை பிற்காலத்தில் தன் முடிவுகளைத் தானே சோதித்து, பிழைகளை வெளியிட்டதுதான் இந்தக் கதையிலேயே மிகவும் போற்றத்தக்க பகுதி.

ஆகவே மருத்துவர்கள் சான்றுகளை ஒவ்வொன்றாகச் சேர்க்கிறார்கள். புண்ணின் விளிம்பிலிருந்து சிறு துண்டு எடுத்து நுண்ணோக்கியில் பார்க்கிறார்கள். நியூட்ரோபில்கள் குவிந்திருக்கின்றனவா? இன்னொரு துண்டைக் கிருமி வளர்ப்புச் சோதனைக்கு அனுப்புகிறார்கள். சாதாரண பாக்டீரியா ஓரிரு நாளில் வளர்ந்துவிடும். காசநோய்க் கிருமியின் குடும்பத்தைச் சேர்ந்தவையும் சில பூஞ்சைகளும் வளர வாரக்கணக்கில் ஆகும். மூட்டுக்குள் ஊசி செலுத்தி நீர் எடுத்து, தொற்று உள்ளே இறங்கியிருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். தோல் துண்டு எடுப்பதும் ஒரு காயம்தானே என்று கேட்பீர்கள். ஆமாம், காயம்தான். ஆனாலும் சான்று இல்லாமல் மருந்து கொடுப்பது அதைவிட ஆபத்தானது. 2018ஆம் ஆண்டு பன்னாட்டு நிபுணர்கள் கூடி ஒரு வரையறை வகுத்தார்கள். திசுச் சோதனையில் நியூட்ரோபில் குவியல் தெரிய வேண்டும், அதோடு 8 துணை அடையாளங்களில் குறைந்தது 4 பொருந்த வேண்டும். காயம்பட்ட இடத்தில் புண் கிளம்புவது அந்த எட்டில் ஒன்று. தொற்று இல்லை என்று உறுதிப்படுத்துவது இன்னொன்று.

முடிவு சரியாக அமைந்துவிட்டால் மாற்றம் வியப்பாக இருக்கும். பல நாளாக எந்த மருந்துக்கும் மசியாத வலியும் காய்ச்சலும், ஸ்டிராய்டு தொடங்கிய சில நாள்களிலேயே தணிய ஆரம்பிக்கும். விளிம்பு பரவுவது நிற்கும். 1930இல் இந்த மருந்து கிடையாது. 1948ஆம் ஆண்டு, மீண்டும் மாயோ கிளினிக்கில்தான், ஃபிலிப் ஹென்ச் முடக்குவாத நோயாளி ஒருவருக்குக் கார்ட்டிசோன் கொடுத்துப் பார்த்தார். அதற்காக 1950ஆம் ஆண்டு நோபல் பரிசில் அவருக்கும் பங்கு கிடைத்தது.

இன்னொரு மருந்து சைக்ளோஸ்போரின். நார்வே நாட்டு மண்ணிலிருந்து எடுத்த பூஞ்சையில் கிடைத்தது. பிரிட்டனில் 121 நோயாளிகளை வைத்து இரண்டையும் ஒப்பிட்ட ஆய்வு 2015ஆம் ஆண்டு வெளியானது. 6 மாத முடிவில் இரு பிரிவிலுமே 47 விழுக்காட்டினருக்குத்தான் புண் ஆறியிருந்தது. பாதிப் பேருக்கும் குறைவு! பரவுவது சீக்கிரம் நின்றாலும், ஆறுவதற்கு மாதங்கள் ஆகின்றன. ஆறிய இடத்திலும் சல்லடை போன்ற தழும்பு தங்கிவிடும். டி.என்.எஃப் என்ற அழற்சிச் செய்தி மூலக்கூற்றைத் தடுக்கும் இன்ஃப்லிக்சிமாப் போன்ற புதிய மருந்துகளும் இப்போது உண்டு.

வீட்டில் இருப்பவர்கள் செய்யக்கூடியது என்ன? அறுவை செய்த இடத்தில் மஞ்சள் பற்று, வெற்றிலைச் சுண்ணாம்பு போன்ற எதையும் தடவ வேண்டாம். பொருக்கைக் கிள்ள வேண்டாம். டாக்டர் கொடுத்த ஆண்டிபயாட்டிக்கை நீங்களாக நிறுத்தவும் வேண்டாம். ஆறாத அறுவைப் புண்களில் பெரும்பாலானவை சாதாரணத் தொற்றுகளே என்பதை மறக்காதீர்கள். உங்களைப் போன்ற கைப்பேசிப் பிள்ளைகள் ஒன்று செய்யலாம். புண்ணைத் தொடாமல் பக்கத்தில் ஓர் அடிக்கோலைப் பிடித்து, தினமும் ஒரே நேரத்தில் படம் எடுத்து வையுங்கள். எந்த நாளில் எத்தனை சென்டிமீட்டர் என்ற பதிவு மருத்துவருக்குப் பெரிய உதவி. பாட்டிக்குக் குடல் நோயோ முடக்குவாதமோ உண்டா, முன்பு ஊசி போட்ட இடமோ முள் குத்திய இடமோ இப்படிப் புண்ணாகியிருக்கிறதா என்பதையும் கேட்டு எழுதி வையுங்கள். மருத்துவமனையில் அவர் சொல்ல மறந்துவிடக்கூடும்.

ஒரு முழங்கால் தேய்ந்தவர்களுக்குப் பெரும்பாலும் மற்றதும் தேய்ந்திருக்கும். பயோடெர்மா வந்து ஆறிய ஒருவருக்கு இரண்டாவது முழங்காலையும் மாற்ற முடியுமா? முடியும், ஆனால் அவசரப்படக் கூடாது. பழைய புண் முழுதாக அடங்கும் வரை காத்திருப்பார்கள். தோல் மருத்துவரும் எலும்பு மருத்துவரும் சேர்ந்து திட்டமிடுவார்கள். தேவையென்றால் அறுவைக்கு முன்பே நோய் எதிர்ப்பை அடக்கும் மருந்தைத் தொடங்குவார்கள். தோலுக்குக் காயம் குறைவாகப்படும்படி தையலையும் கட்டையும் தேர்ந்தெடுப்பார்கள். இவை எல்லாம் நடக்க வேண்டுமானால், முதல் முழங்காலில் என்ன நடந்தது என்பது இரண்டாவது முழங்காலைத் தொடப்போகும் மருத்துவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். மருத்துவமனை மாறினால் கோப்பு தானாகப் பின்னால் வராது. நோயின் பெயரை ஒரு தாளில் எழுதி, பாட்டியின் அடையாள அட்டையோடு சேர்த்து வைத்துவிடுங்கள்.